தொட்டில் கொக்கியில் தொங்கிய மைக்

எங்கள் சிங்காநல்லூர் வீட்டின் முன்னறை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவாக இருந்தது. அது மறுபடியும் வெறும் முன்னறையாகிப் போனதற்கு யார் காரணம் என்பது இன்றுவரை இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன், எட்டு வயதில் இருந்ததைவிடக் கொஞ்சம் பெருத்து, தலைமுடி குறைந்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

கேசட்டுகளின் காலம் அது. சித்தப்பாவும் கூட்டாளிகள் மூவரும் கல்யாணங்களில் பாடும் குழு ஒன்று வைத்திருந்தார்கள். சென்னிமலை முருகன்மேல் சொந்தமாக எட்டுப் பாட்டுக் கட்டி, தைப்பூசத்துக்குள் கேசட் போட்டுவிட வேண்டும் என்று துடித்தார்கள். டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவரிடம் போகலாம் என்றார் டிரம்ஸ்காரர். அப்போதுதான் அத்தை, "நானே பதிஞ்சு குடுக்கறனுங்க" என்றார்.

அத்தை, சித்தப்பாவின் தங்கை. மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலை. ஓடுகிற மோட்டாரின்மேல் திருப்புளியை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டே எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

"மோட்டாரு வேற, முருகன் பாட்டு வேற அம்மணி" என்று சிரித்தார் டிரம்ஸ்காரர். சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டு. நன்றாக வந்தால் எட்டும் அத்தைக்கு. இல்லாவிட்டால் டவுன்காரருக்கு.

அந்த வாரம் அத்தை தூங்கினாரா என்பதே சந்தேகம். ஜன்னல்களை சென்னிமலைப் போர்வைகளால் மூடினார். கதவில் மெத்தையைச் சாய்த்தார். சுவரெல்லாம் முட்டை அட்டைகள். இருந்தது ஒரு டேப் ரெக்கார்டர், ஒரே மைக். நான் ஆடித் தூங்கிய தொட்டிலின் கொக்கியில் அது தொங்கியது. ஒரே மைக்கில் எதைக் கூட்டிக் குறைப்பது? அத்தை ஆட்களையே கூட்டிக் குறைத்தார். தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, பாடுகிற சித்தப்பாவை முன்னால் நிறுத்தினார். கிட்டார்காரரைக் கட்டிலில் உட்காரவைத்தார். கீபோர்டை மூலைக்குத் தள்ளினார். டிரம்ஸ் சமையலறைக்குப் போனது, பெரிய டிரம்முக்குள் எங்கள் தலையணையோடு.

"ஏனுங்க, என்னைய அடுப்படிக்கே அனுப்பிப்போட்டீங்களே!"

"அங்கிருந்தே நீங்கதானுங்க எல்லாத்துக்கும் மேல கேக்கறீங்க."

ஹெட்போனில் ஒரு ரீங்காரம் கேட்டது. டியூப்லைட்டை அணைத்தார், பாதி போனது. கண்ணை மூடி யோசித்து, "மூணாவது ஊட்டு மோட்டாரு" என்றார். போய்ப் பார்த்தோம். மூன்றாவது வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தையின் கணக்கில் வராதது தெருக்குழாய்த் தண்ணீர் ஒன்றுதான். எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர், திங்கட்கிழமை வர வேண்டியது, ஞாயிறு காலையிலேயே வந்துவிட்டது. தெருவே குடங்களோடு திரண்டது. டிரம்ஸ்காரருக்கோ மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும், மாலையில் ஒரு வரவேற்பு. அத்தை வெளியே ஓடினார்.

"ஏனுங்க அக்கா, பைப்பை அஞ்சு நிமிசம் மூடிப்போட்டுச் சத்தமில்லாம நில்லுங்க. எங்கூட்டு முறையையும் நீங்களே புடிச்சுக்குங்க."

எட்டு நாள் தண்ணீர்! அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஆனால் தெரு அடங்கியது. போர்வையின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால், ஒரு அக்கா விக்கலை முந்தானையால் பொத்திக்கொண்டு நிற்கிறார். உள்ளே சித்தப்பா பாடினார். அதற்கு முன்பும் பின்பும் அவர் அப்படிப் பாடிக் கேட்டதில்லை. பாட்டு முடிந்ததும் டிரம்ஸ்காரர் வேர்க்க விறுவிறுக்க அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "பரவாயில்லீங்க அம்மணி" என்றார். அவர் வாயில் அது பெரிய பட்டம்.

அத்தை டேப்பை முதலுக்குச் சுற்றி வைத்தார். "சாப்பிட்டுட்டு வந்து கேப்போமுங்க." எல்லோரும் பின்பக்கம் இலைபோட்டு உட்கார்ந்தார்கள்.

நான் உள்ளே போனேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாட்டைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். டேப் ஓடுவதற்கு அத்தை காலையிலிருந்து இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தியதைப் பார்த்திருந்தேன். நானும் இரண்டையும் அழுத்தினேன். ஹெட்போனில் யாரோ மூச்சு விட்டார்கள். சித்தப்பா பாடுவதற்கு முன் மூச்சை இழுக்கிறார் என்று காத்திருந்தேன். இருமினேன். அவரும் இருமினார். "சித்தப்பா?" என்றேன். அவரும் அதையே கேட்டார், என் குரலில். இரண்டு பொத்தான் பதிவதற்கு, கேட்பதற்கு ஒன்றே போதும்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் முழுப் பொறுப்பு ஏற்க முடியாது, எட்டு வயதுக்காரன் செய்தது. ஈரோடு பஸ் ஏறி ஓடிவிடலாம் என்று நினைத்தேன். கைப்பிடிக்க ஆளில்லாமல் மெயின் ரோட்டைத் தாண்டத் தெரியாது. முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொள்ளப் பார்த்தேன். போன மாதம்தான் மொட்டை போட்டிருந்தார்கள், கொடுக்கத் தலையில் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு மகத்தான யோசனை வந்தது: அழிந்த பாட்டை நானே பாடி நிரப்பிவிடுவது. பாடினேன். இரண்டு வரிக்குமேல் தெரியவில்லை. கிடைத்த பொத்தானை எல்லாம் அழுத்தி, டேப்பை எப்படியோ முதலுக்குக் கொண்டுவந்துவிட்டு, பின்பக்கம் ஓடிப்போய் மூன்று முறை தயிர்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அத்தை ஹெட்போனை மாட்டினார். மற்றவர்கள் சுற்றி நின்று அவர் முகத்தைக் கேட்டார்கள். புருவம் ஏறியது. பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. கண் மெதுவாகத் திரும்பி என்மேல் வந்து நின்றது. நான் விட்டத்தைப் பார்த்தேன். டேப் நின்றது.

"நாந்தானுங்க. பொத்தான மாத்தி அழுத்திப்போட்டனுங்க. அழிஞ்சுபோச்சு" என்றார் அத்தை.

டிரம்ஸ்காரர்தான் தொடங்கினார், திட்டக்கூட இல்லை. "பொம்பளப்புள்ளைக்கு இத்தன வயரு எதுக்குங்க மாப்ளே? நான் அப்பவே சொன்னனுங்களே."

சித்தப்பா அத்தையைப் பார்க்காமல், "செரி, உடு அம்மணி" என்றார். வெளியே தண்ணீர் நின்றுபோயிருந்தது. மணி ஒன்றே முக்கால். டிரம்முக்குள்ளிருந்து எங்கள் தலையணையை எடுத்துக் கொடுத்துவிட்டு டிரம்ஸ்காரர் கிளம்பினார்.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. மூன்று வீடு தள்ளி ஓடும் மோட்டாரைக் கண்டுபிடித்த காதுக்கு என் குரல் பிடிபடவில்லை என்று மனதார நம்பினேன். இத்தனை கெட்டிக்காரியான அத்தை, தான் செய்யாத தப்பைத் தான் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்று பரிதாபம்கூட வந்தது.

சாயங்காலம் அத்தை போர்வைகளைக் கழற்றி மடித்தார். மறுமுனையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். நான் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவர் மனம் தேறட்டும் என்று பெரிய மனிதனாகச் சொன்னேன்: "ஏனுங்க அத்தை, அடுத்த தடவ பாத்து அழுத்தோணுமுங்க."

"செரீங்க கண்ணு" என்றார் அத்தை. போர்வையோடு என்னை நோக்கி நடந்து வந்து, என் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டார்.