அரக்கிக்கு இறக்கை இல்லை

அரக்கியாப் பொறந்தவ பறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவ நான்தான். பன்னெண்டு வயசுல போட்ட சட்டம். நினைச்சா இன்னைக்கும் என் வாயில நானே நாலு போட்டுக்கிறலாம்போல இருக்கு.

அறுபதுகளோட கடைசி. திருச்சுழிப் பக்கம் எங்க ஊர்க் கண்மாய் வருசத்துல பாதிக்கு மேல காஞ்சுதான் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பொம்பளப் பிள்ளைக ஏழெட்டுப் பேர் அதுக்குள்ள இறங்கிருவோம். கோயில் கூத்துல பார்த்ததை வச்சு நான் கட்டின விளையாட்டு. கந்தர்வருக்குப் பறக்க வரும். அதனால அவுக மட்டும் கரை மேல ஓடலாம், அங்க யாரும் தொடக் கூடாது. நாகர் மடைக்குள்ள நுழைஞ்சு தப்பிச்சுக்கிறலாம். அரக்கருக்குப் பலம், எத்தனை பேர் பிடிச்சாலும் உதறிட்டுப் போகலாம், கரை மட்டும் ஏறக் கூடாது. ஆளோட உடம்பைப் பார்த்து யார் என்ன குலம்னு நானே சொல்லுவேன். நான் மனுசி. ஒரு வரமும் கிடையாது, தீர்ப்புச் சொல்லுற வாய் மட்டும் உண்டு. கடைக்காரவுக வீட்டுப் பிள்ளை, மடி நிறையப் பொரிகடலை கொண்டுபோவேன். என் பேச்சு எடுபடாம என்ன செய்யும்?

என் உசுருச் சிநேகிதி ஒருத்தி, காட்டு வேலை பார்க்குற வீட்டுப் பிள்ளை, எலும்பு பெருத்த உடம்பு. அவதான் அரக்கி. தினமும் கேட்பா.

"ஒரே ஒரு நாள் என்னையக் கந்தர்வி ஆக்குடி."

"அரக்கி பறந்தா அப்புறம் கந்தர்வருக்கு என்னடி மவுசு? நீதான் தினமும் கிணத்துத் தண்ணிக்குக் கரை ஏறுறயே."

"குடத்தோட ஏறுறேன். வெறுங்கையோட ஒரு தடவை ஓடணும்டி."

நான் மசியலை. பொறப்புன்னு ஒன்னு இருக்குல்லன்னேன். அன்னைக்கு அவளுக்கும் கோவம் வந்துருச்சு.

"எனக்குப் பலம் பொறப்புலயா வந்துச்சு? ஆறு வயசுலருந்து தண்ணி தூக்கித் தூக்கி வந்துச்சு. நீயும் தூக்கு, உனக்கும் வரும்."

சுருக்குன்னு இருந்துச்சு. எங்க வீட்டுக்குத் தண்ணி மாட்டு வண்டியில வந்து இறங்கும். பதில் இல்லாதவளுக்கு வாய்தான நீளும். "அரக்கின்னா அரக்கிதான், போடி"ன்னுட்டு வந்துட்டேன்.

மறுநாளே சட்டத்தை மாத்திட்டேன். எந்த வரம் வேணுமோ அவுகவுகளே எடுத்துக்கிறலாம். அதை அவகிட்டச் சொல்லணும்னு ஓட்டமா ஓடினா, அவ வரலை. "அவ சடங்காயிட்டா"ன்னா ஒருத்தி.

எங்கம்மா நல்லெண்ணெய்த் தூக்கோட அவுக வீட்டுக்குப் போனப்ப நானும் ஒட்டிக்கிட்டேன். தாய்மாமன் கட்டின பச்சை ஓலைக் குச்சுக்குள்ள ஒடுங்கி உக்காந்திருந்தா. தீட்டுன்னு தள்ளியே உக்காரச் சொன்னாக. "நீ பறக்கலாம்டி, சட்டத்தை மாத்தியாச்சு"ன்னு குசுகுசுத்தேன்.

சிரிச்சா. "இனிமே என்னைய யாருடி விளையாட விடுவாக?"

சடங்கு கழிஞ்சு கொஞ்ச நாள்ல, நாங்க கண்மாய்க்குள்ள விளையாடுறப்ப, கரை மேல அவ வந்தா. தாவணி. தலையில ஒரு குடம், இடுப்புல ஒன்னு. எனக்குப் பொறுக்கலை. கீழருந்தே சத்தம் போட்டேன்.

"நீ இப்பக் கந்தர்விடி. ஓடுடி."

நின்னா. எங்களை ஒவ்வொருத்தரா ரொம்ப நேரம் பார்த்தா.

"குடம் தளும்பும்டி"ன்னுட்டு மெதுவா நடந்து போயிட்டா.

அப்புறம் அவளைக் காரியாபட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்தாக. இன்னைக்கு எங்க இருக்காளோ, எப்படி இருக்காளோ. மதுரை பஸ்ஸுல அந்தப் பக்கம் போறப்பல்லாம் குடத்தோட போற பொம்பளைக முகத்தையெல்லாம் பார்த்துக்கிட்டே போவேன். ஒரு தடவை பார்த்துட்டா போதும்னு மனசு கிடந்து அடிச்சுக்கும்.

அன்னைக்குக் கரை ஏறிப்போய் அந்த ரெண்டு குடத்தையும் நான் வாங்கிப் பிடிச்சிருக்கலாம். எனக்கு ஓடுன்னு சொல்லத்தான் தெரிஞ்சுச்சு.