கடைசி ஆளாய் இறங்கிய மலை

இந்து சமுத்திரத்திலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் மலையோட்டம் ஒன்றுக்குப் பதிந்திருக்கிறேன் என்று சொன்னபோது, பாரிசில் நான் வேலை செய்யும் கடையின் முதலாளி வெண்டிக்காய் நிறுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, லாச்சப்பல் மெத்ரோப் படி ஏறவே சனம் மூச்சு வாங்குது. நீர் மலை ஏறப் போறீரோ?"

"ஓம் அண்ணை. மகளும் ஓடுறாள்."

"அப்ப பயமில்லை. மகள் பாத்துக்கொள்ளுவாள்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் எனக்குப் பழகிப்போன சொல். பிரான்சில் என் மகள்தான் என் வாய். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பிரெஃபெக்தூர் அலுவலக வரிசையில் என் பக்கத்தில் நின்று, விசாக் காரியங்களை எனக்காகப் பேசியவள். டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், வங்கியில், எங்கு போனாலும் அவள்தான். தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் மரக்கறிக் கடைக் கல்லாவில் நிற்பவளுக்குத் தமிழே போதும். பிரெஞ்சு எனக்கு விளங்கும். பேசத்தான் வராது. சொல்லைத் தேடி எடுத்து அடுக்குவதற்குள் மகள் சொல்லி முடித்திருப்பாள்.

ஓட்டத்துக்கும் அவள்தான் இழுத்து வந்தாள். சீனி வருத்தம் வரப்போகிறது என்று டொக்டர் எச்சரித்த கிழமையே எனக்குச் சப்பாத்து வாங்கி வந்து, ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் கால்வாய்க்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் நாள் ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலம் வரைகூட என்னால் ஓட முடியவில்லை. கரையோர வாங்கில் குந்தி இருமினேன். மறுநாள் வேலைக்கு முன் நானாகவே போனேன். ஏன் போனேன் என்று இன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் கால்வாய் போதவில்லை. மொன்மார்த்ர் குன்றுப் படிகளில் ஏறி இறங்கினோம். உல்லாசப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு நிற்க, நான் வேர்த்து ஒழுக அவர்களுக்கு நடுவே புகுந்து போவேன்.

பிறகு அவள் தாதி வேலை கிடைத்து ரீயூனியனுக்குப் போனாள். நான் தனியாக ஓடினேன். ஒருநாள் தொலைபேசியில், "இங்கே பகலிலேயே முடிகிற மலையோட்டம் ஒன்று இருக்கிறது. இருவரையும் பதிந்துவிட்டேன்" என்றாள். வழக்கம்போலப் பிரெஞ்சில்தான் சொன்னாள். நான் வழக்கம்போலத் தமிழில், "உனக்கென்ன விசரே?" என்றேன். ஆனால் அன்றிரவே லீவு கேட்க வேண்டிய நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

விடியும்போது கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டம் தொடங்கியது. கடல் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. தோட்டம் முடிந்த இடத்தில் மலை சுவர்போல நின்றது. காட்டுக்குள் பாதை என்று ஒன்றும் இல்லை. வேர், கறுத்த எரிமலைக் கல், சேறு, மரக்கட்டையால் போட்ட படி. ஒவ்வொரு படியும் என் முழங்கால் உயரம். வழி தெரிவதற்காக மரக்கிளைகளில் செம்மஞ்சள் நாடாக்கள் கட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரப் பெடியள் ஆட்டுக்குட்டிபோலப் பாய்ந்து எங்களைக் கடந்து போனார்கள். மகள் முன்னால் போய், திரும்பிப் பார்த்து, நின்று, மறுபடி போனாள்.

முதல் தரிப்பிடத்துக்கு இறங்கும் சரிவில் அவளுடைய கணுக்கால் மடங்கியது. நொண்டி நொண்டி வந்து சேர்ந்தாள். அங்கிருந்த மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி ஓடக்கூடாது என்றார். கால் அதற்குள் வீங்கிவிட்டது. நான் பக்கத்தில் குந்தியிருந்து அவளுடைய சப்பாத்தைக் கழற்றினேன்.

"மம்மா, இரண்டு பேரும் இங்கேயே நிறுத்துவோம். வாகனம் வரும்" என்றாள் பிரெஞ்சில்.

"நான் போறன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தனியாகவா? ஏதாவது நடந்தால் யாரோடு எப்படிப் பேசுவீர்கள்?"

என்னைக் குத்துவதற்காக அவள் அதைக் கேட்கவில்லை. பயந்து, உண்மையாகத்தான் கேட்டாள். அதனால்தான் எனக்கு அவ்வளவு நொந்தது.

"வாய் இருக்குத்தானே, பிள்ளை" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை நிரப்பிக்கொண்டு எழும்பினேன். அவள் மறிக்கவில்லை. தன்னிடமிருந்த பேரீச்சம்பழப் பொதியை என் பைக்குள் வைத்தாள்.

அடுத்த ஏற்றத்தில் பனிமூட்டம் இறங்கியது. முன்னால் ஒருவரையும் காணவில்லை. நாடா ஒன்றைக் கண்டு, அதைத் தொட்டு, அடுத்ததைத் தேடிப் போனேன். பயமாகத்தான் இருந்தது. வழி தவறினால் யாரைக் கூப்பிடுவது, என்னவென்று கூப்பிடுவது என்று பிரெஞ்சில் வசனம் கட்டிப் பார்த்தேன். அப்போது பின்னால் காலடி கேட்டது. என் வயதுக்காரர் ஒருவர், நான் கடந்து வந்த நாடாக்களை அவிழ்த்துப் பைக்குள் போட்டபடி வந்தார். கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து வருவதுதான் அவருடைய வேலை. அப்படித்தான் நான் கடைசி என்பது எனக்குத் தெரிய வந்தது.

முகம் எங்கள் முகம். ஆவலோடு, "தமிழோ?" என்றேன். அவர் சிரித்தார். தன் பெயரைச் சொன்னார். சுத்தமான தமிழ்ப் பெயர். ஆனால் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கரும்பு வெட்டக் கப்பலில் வந்தவர்களின் வழி வந்தவர். கோயிலில் சொல்லும் சில சொற்களைத் தவிர அவருக்குத் தமிழ் தெரியாது.

ஆகவே பிரெஞ்சில்தான் பேச வேண்டியிருந்தது. வேறு வழியில்லை. என்ன வேலை என்று கேட்டார். மரக்கறி விற்கிறேன் என்றேன். என்ன மரக்கறி என்றார். முருங்கைக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வதென்று தெரியாமல் 'முருங்கை' என்றே சொன்னேன். அவர் நின்றுவிட்டார். "முரும்! எங்கள் வீட்டு வேலியில் நிற்கிறது. இலையைச் சமைப்போம்" என்றார். எப்படிச் சமைப்பது என்பதில் இறங்கிவிட்டோம். பருப்போடு சேர்க்கலாம் என்றேன். உள்ளி போட வேண்டும் என்றார். வினைச்சொல்லில் காலம் மாற்றத் தெரியாமல், நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் ஒரே மாதிரித்தான் சொன்னேன். அவர் திருத்தவில்லை. விளங்காத இடத்தில் மறுபடி கேட்டார். நான் மறுபடி சொன்னேன். எனக்காக எடுத்துச் சொல்ல யாரும் அங்கே இல்லை. அப்படி ஒருவர் தேவைப்படவும் இல்லை.

மலை உச்சியிலிருந்து இறங்கும் வழியில் சறுக்கி விழுந்து, இடுப்புவரை சேறாகிவிட்டேன். அவர் கையை நீட்டி, "உதவி வேண்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். நானே."

வேரைப் பிடித்து எழும்பினேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். முடிவிடத்தை மூடும் நேரம் நெருங்கிவிட்டது, இனி நடந்தால் போதாது, ஓட வேண்டும் என்றார்.

ஓடினேன். தொடை நடுங்கியது. பெருவிரல் நகம் கழன்றதுபோல எரிந்தது. மொன்மார்த்ர் படிகளில் இறங்கும்போது மகள் சொல்லித் தந்ததுபோலச் சின்னச் சின்ன அடி வைத்தேன். காடு முடிந்து வெயில் முகத்தில் அடித்தது. கீழே மைதானத்தில் ஒலிபெருக்கிச் சத்தம். தரைவிரிப்பைச் சுருட்டத் தொடங்கியிருந்தவர்கள் என்னைக் கண்டதும் மறுபடி விரித்தார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது முழுக் கூட்டமும் கை தட்டியது. முதலாவதாக வந்தவனுக்குக்கூட அப்படித் தட்டியிருப்பார்கள் என்று நினைக்கவில்லை.

மகள் கட்டுப் போட்ட காலோடு வேலியில் சாய்ந்து நின்றாள். அறிவிப்பாளர் ஒலிவாங்கியை என் முன் நீட்டி, எங்கிருந்து வருகிறீர்கள், எப்படி இருந்தது என்று கேட்டார். மகள் பழக்கத்தில் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

நான் பிரெஞ்சில் பேசினேன். "பாரிஸ், லாச்சப்பல். மரக்கறிக் கடையில் வேலை. என் மகள் எனக்கு ஓடப் பழக்கினாள். இன்று அவளுக்குக் கால் நோகிறது, அதனால் நான் அவளுக்கும் சேர்த்து ஓடினேன். நான் கடைசி. மிகவும் சந்தோஷம்."

பிரெஞ்சுச் சொற்களின் ஆண்பால் பெண்பால் இரண்டு மூன்று இடத்திலாவது பிழையாகிப்போயிருக்கும். ஒலிபெருக்கியில் என் குரல் மைதானம் முழுக்கப் போனது. நாடா அவிழ்த்தவர் பின்னால் நின்று பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

மகள் நொண்டிக்கொண்டு வந்து, சேறும் வேர்வையுமாக இருந்த என்னைக் கட்டிப்பிடித்தாள். அழுதுகொண்டே, தமிழில் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் கதைச்சனீங்கள்! எல்லாருக்கும் முன்னாலை!"

"ஓமடி" என்றேன். அவளுடைய தலையைத் தடவினேன். அவளுடைய வெள்ளைச் சட்டையில் என் கை அடையாளம் சேறாகப் பதிந்தது.

பாரிசுக்கு வந்த பிறகு ஒரு கிழமை படி இறங்குவது பெரும்பாடாக இருந்தது. என் கணவர், ரூ லூயி-பிளாங் தெரு உணவகத்தில் சமையல் வேலை முடிந்து வந்து, என் காலுக்கு எண்ணெய் தேய்த்தார். ஓடி முடித்த எல்லோருக்கும் கொடுத்த பதக்கத்தைக் கடை முதலாளி என்னிடம் வாங்கி, கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டார். வருகிற சனத்துக்கெல்லாம் காட்டினார்.

"எங்கடை தங்கச்சி மலை ஓடினவ!"

கறிவேப்பிலை வாங்க வந்த ஒரு அம்மா பதக்கத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எத்தினையாவதாப் பிள்ளை வந்தனீர்?"

"கடைசி" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி.