வாசலில் கிடந்த செருப்புகள்

விநாயகர் சதுர்த்திக்கு எதிர்வீட்டுக்கு வந்தவர்களின் செருப்பெல்லாம் என் வாசலில் குவிந்து கிடந்தன. இந்த மராட்டிய ஊரில், ஆகுர்டியில், எங்கள் மாடி நடை அவ்வளவு குறுகல். கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. ஓர் உதை விட்டேன். ஒரு செருப்பு இரண்டு மாடி இறங்கிப் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, அயலாரை நேசிப்பது பற்றிப் போதகர் பிரசங்கம் செய்தார். வழக்கமாக இதெல்லாம் யாருக்குப் பொருந்தும் என்று சபையில் கண்ணை ஓட்டுவேன். அன்று தப்ப முடியவில்லை. எதிர்வீட்டுக்காரியிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிறிஸ்துமஸ் திருவிருந்தில் அப்பம் வாங்க எப்படிக் கை நீட்டுவேன்?

வியாழக்கிழமை சாயங்காலம் கேக் செய்து எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே கலசத்துக்குப் புடவை கட்டி லட்சுமியாக வைத்திருந்தார்கள். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள். மார்கசீர்ஷ மாத வியாழன், இந்த ஊர்ப் பெண்களுக்கு லட்சுமி பூஜை நாள். அவளுக்கு அன்று விரதம். அந்த மாதம் முழுக்க அந்த வீட்டுக்குள் முட்டை நுழையாது. இருபது வருஷம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

"அண்ட ஆஹே கா?" கேக்கைப் பார்த்து, முட்டை இருக்கிறதா என்று மராத்தியில் கேட்டாள்.

இருந்தது. நான்கு முட்டை.

வெட்கம் பிடுங்கித் தின்ன, திரும்பி நடந்தேன்.

"கேக் கர் மே ரக் தோ, தாயி. ஆப் ஆவோ." கேக்கை வீட்டில் வைத்துவிட்டு வா அக்கா என்கிறாள்!

போனேன். வரிசையாக எல்லோருக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து வந்தவள் என் முன்னால் தயங்கினாள். சபைக்காரி நான் பொட்டு வைப்பதில்லை; நானும் விழித்தேன். சட்டென்று சிமிழை வைத்துவிட்டு என் தலையில் ஒரு சாமந்திப் பூவைச் செருகினாள். கையில் நாலு வாழைப்பழம் கொடுத்தாள். செருப்பை உதைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அது அவள் நாத்தனார் செருப்பாம். அந்த நாத்தனாருக்கு அது வேண்டியதுதான் என்றாள்.

என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டார். "ஏட்டி, வெரதத்தன்னைக்கா முட்டை கேக் கொண்டுபோன?"

"அது பூராவும் ஒமக்குத்தான். தின்னும்" என்றேன்.

மறுநாள் அந்த வாழைப்பழங்களைப் பிசைந்து முட்டையில்லாமல் ஒரு கேக் செய்து அவளைக் கூப்பிட்டேன். நேற்றைய பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரே சிரிப்பும் சத்தமுமாக, கேக் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

டீக்குப் பால் போதாமல் கடைக்குப் போகக் கதவைத் திறந்தேன். வாசல் முழுக்கச் செருப்பு. கால் வைக்க இடமில்லை. குனிந்து, அவற்றை ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன்.