தலை, முழங்கை, முழங்கால்

கொல்லிமலையில் கோல்ப் பந்தை ஓடைக்கு அந்தப் பக்கம் அடித்த முதல் பெண்பிள்ளை நான்தான். இதைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பந்து போனதை என் அத்தை பார்த்தாள், பங்களா அம்மா பார்த்தார், பலா மரத்திலிருந்த மைனாக்கள் பார்த்தன. அதற்கப்புறம் ஒரு பந்தைக்கூட என்னால் அடிக்க முடியவில்லை என்பதும் உண்மைதான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. கீழே முள்ளுக்குறிச்சிக்குப் போவதென்றாலும் காலால்தான் இறங்க வேண்டும். ரோடு போட முடியுமா என்று அளந்து பார்க்க ஓர் ஆபீசர் வந்து, எங்கள் ஊர்கள் சேர்ந்த ஆலத்தூர் நாட்டுப் பக்கம் இருந்த பழைய பங்களாவில் தங்கியிருந்தார். கூடவே அவர் சம்சாரம். அந்த அம்மாவைத்தான் நாங்கள் பங்களா அம்மா என்போம். என் அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, அங்கே தண்ணீர் எடுத்து ஊற்றவும் வாசல் கூட்டவும் போவாள். எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ இருக்கும். நானும் அத்தையின் பின்னாலேயே போவேன். வேலைக்கு அல்ல, வேடிக்கைக்கு.

வேடிக்கை என்ன சாமானியமானதா? பங்களாவுக்குக் கீழே சாமை அறுத்த புன்செய்க் காடு ஒன்று கட்டாந்தரையாகக் கிடந்தது. அதன் கோடியில் ஓடை. ஓடைக்கு அப்பால் ஒரு பலா மரம். காலையில் வெயில் ஏறினதும் பங்களா அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் காட்டில் வந்து நிற்பார். கையில் ஒரு நீளமான இரும்புக் கம்பு. அதன் அடியில் களைக்கொத்தைத் திருப்பி மாட்டியது போல ஒரு முகம். தரையில் ஒரு வெள்ளைப் பந்து. கோழிமுட்டையைவிடச் சற்றுப் பெரிது, உடம்பெல்லாம் குழி குழியாக இருக்கும்.

“அம்மை வாத்த முட்டையாட்டம் இருக்குது” என்றாள் அத்தை, முதல் நாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு. “இதென்ன வெளையாட்டுங்க அம்மணி?”

“கோல்ப்” என்றார் பங்களா அம்மா.

அத்தை என் பக்கம் திரும்பி, “கையில கோலு இருக்குது, செரி, கோலு. கடைசியில எதுக்கு வாயை ஊதறாங்கன்னுதான் தெரியல” என்றாள்.

பங்களா அம்மா பந்துக்கு முன்னால் நின்றதும் வாய்க்குள் முணுமுணுப்பார். தலை, முழங்கை, முழங்கால், கட்டைவிரல், கண். திரும்பவும் தலை, முழங்கை, முழங்கால். எங்கள் ஊரில் பூசாரி மந்திரிக்கும்போது இப்படித்தான் ஒவ்வோர் அங்கமாகச் சொல்லித் திருநீறு போடுவார். ஆகவே பந்துக்கு மந்திரம் ஓதுகிறார் என்று நான் நினைத்தேன். ஓதி முடித்துக் கம்பைத் தூக்குவார், வீசுவார். பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். சில நாள் பந்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் மண் பெயர்ந்து பறக்கும். “கெழங்கு இன்னும் வெளையலீங்க அம்மணி, அதுக்குள்ள புடுங்கறீங்களே” என்பாள் அத்தை. அந்த அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார். மண்ணைக் காலால் தள்ளிவிட்டுத் திரும்பவும் தலை, முழங்கை என்று ஆரம்பிப்பார்.

அது மந்திரம் அல்ல, ஆபீசர் ஐயா சொல்லிக்கொடுத்த பாடம் என்பது பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும் பக்கத்தில் நின்று திருத்துவார். தலை ஆடக்கூடாது. இடது முழங்கை மடங்கக்கூடாது. முழங்கால் லேசாக மடங்க வேண்டும். கட்டைவிரல் கீழே பார்க்க வேண்டும். கண் பந்தைவிட்டு நகரக்கூடாது. இத்தனைக்கும் மேலே இன்னொன்று. கம்பு தூக்கியவர் அடித்து முடிக்கும்வரை சுற்றி நிற்கிறவர்கள் மூச்சுவிடக்கூடாது, பேச்சு என்பது அறவே கூடாது. என் அத்தையைப் போன்ற ஒருத்திக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று அந்த ஐயாவுக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு அந்த அம்மாவைப் பார்ப்பது ஆசையாக இருந்தது. எந்த இடத்தில் பிசகுகிறது என்று கண்டுபிடித்தே தீருவது என உட்கார்ந்து கவனிப்பேன். ஒரு நாள் முழங்கையை மட்டும் பார்ப்பேன். அது நீட்டின கம்பு மாதிரி அப்படியே இருக்கும், ஆனால் தலை எழும்பிவிடும். மறுநாள் தலையைப் பார்ப்பேன். தலை கல்லாய் நிற்கும், முழங்கால் நிமிர்ந்துவிடும். ஐந்து ஆட்டுக்குட்டிகளை ஒரே கயிற்றில் பிடித்துக்கொண்டு போனால் எப்படியோ அப்படி. ஒன்றை இழுத்தால் மற்றொன்று தழைக்கு ஓடும்.

ஒரு காலையில் அந்த அம்மா கம்பைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஒரு பந்துக்காகப் பெரிய மனுஷி அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். அத்தை குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். ஏற்காட்டில் தங்கிப் படிக்கிற பள்ளியில் விட்டிருந்தார்கள். பார்த்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இங்கிருந்து இறங்கி, பஸ் ஏறி, சேலம் போய், அங்கிருந்து இன்னொரு மலை ஏற வேண்டும். ஒரு பெண் தனியாகப் போகிற தூரம் இல்லை. ஆபீசருக்கோ வேலை ஒழியவில்லை. இப்போது ஏற்காட்டில் ஆபீசர்கள் கூடுகிற கிளப்பில் இந்தக் கோல்ப் விளையாட்டு நடக்கப் போகிறது. அவர் போக வேண்டும். மற்ற ஆபீசர்களின் சம்சாரங்களும் விளையாடுவார்களாம். “நீ வந்து மண்ணைக் கொத்தினா என் மானம் போயிடும். ஒரு பந்தாவது அந்த ஓடையைத் தாண்டட்டும், கூட்டிட்டுப் போறேன்” என்று அவர் சொல்லிவிட்டார். இறங்குகிற நாளும் குறித்தாகிவிட்டது.

“அங்க போனா குழந்தையைப் பார்த்துட்டு வந்துடலாம்மா” என்றார் பங்களா அம்மா.  என் அத்தை ஒன்றும் சொல்லாமல் இருந்தது எனக்குப் பந்தைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது.

அதற்கு அடுத்த நாளோ அதற்கும் மறுநாளோதான் என் பெருமைக்குரிய காரியம் நடந்தது. பங்களா அம்மா தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தார். கம்பு காட்டில் கிடந்தது, பந்தும் கிடந்தது. நான் கம்பை எடுத்தேன். கதிர் அடிக்கிற தடியை எப்படி வீசுவேனோ அப்படி வீசினேன். டக்கென்று ஒரு சத்தம். கையில் பாரமே தெரியவில்லை. பந்து காட்டைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, பலா மரத்துக்குள் போய் விழ, மைனாக்கள் கூச்சலிட்டுக்கொண்டு கிளம்பின.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பங்களா அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

“எப்படி அடிச்சே?”

“அடிச்சேனுங்க.”

“இல்ல கண்ணு, கை எப்படி வச்சிருந்தே? எந்தக் கை மேல? தலையை ஆட்டினியா?”

நான் என் கைகளைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் கைகள், அன்றுதான் யாரோ கொண்டுவந்து மாட்டிவிட்டது போலத் தெரிந்தன. எந்தக் கை மேலே இருந்தது? எனக்கு எப்படித் தெரியும்? இன்னொரு பந்தை வைத்து, “அதே மாதிரி அடி” என்றார். அதே மாதிரி என்றால் எந்த மாதிரி? வலது கையை மேலே வைத்துப் பார்த்தேன், இடதை வைத்துப் பார்த்தேன். தலை, முழங்கை, முழங்கால். வீசினேன். மண் பறந்து என் வாயிலேயே விழுந்தது. அன்று வெயில் சாயும்வரை நானும் அந்த அம்மாவும் மாற்றி மாற்றி மண்ணைக் கொத்தினோம்.

அந்த நோய் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. சாயங்காலம் அத்தையும் நானும் ஒரே உரலில் சாமை குத்துவோம். அவள் உலக்கை மேலே போகும்போது என் உலக்கை கீழே இறங்கும். அதில் நான் கெட்டிக்காரி, ஒரு நாளும் இடித்துக்கொண்டதில்லை. அன்றைக்கு, அவளுடையது எப்போது ஏறுகிறது, என்னுடையது எப்போது இறங்க வேண்டும் என்று கவனிக்கத் தொடங்கினேன். கவனித்த மாத்திரத்தில் உலக்கையும் உலக்கையும் மோதின. திரும்பவும் மோதின. சாமை சிதறியது.

“சோறு திங்கறப்ப நாக்கை எங்க வெக்கறதுன்னு ரோசனை பண்ணுவியாடி? பண்ணினீன்னா கடிச்சுக்குவ” என்று வைதாள் அத்தை. பிறகு உலக்கையை நிறுத்தாமலே, “அந்த செவலை ஆடு காத்தாலிருந்து கத்துதே, தண்ணி காட்டினியா?” என்றாள். காட்டினேன், குடிக்கவில்லை, குட்டியைத் தேடுகிறது, அது பக்கத்துக் காட்டுக்குள் போய்விட்டது என்று நான் வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் உரலில் இருந்தது பாதி அரிசியாகியிருந்தது. உலக்கை மோதாதது அப்புறம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததும் மோதியது.

குறித்த நாள் வந்தது. மூட்டை தூக்கிக்கொண்டு இறங்க ஆட்கள் விடியலிலேயே வந்து காட்டோரம் குந்தியிருந்தார்கள். ஆபீசர் காலில் பூட்சும் கையில் கடிகாரமுமாக நின்றார். அதுவரை அந்த அம்மா அடித்த ஒரு பந்தும் ஓடையைத் தாண்டியிருக்கவில்லை. இந்தக் காலைதான் மிச்சம். பங்களா அம்மா ஊருக்குக் கட்டுகிற நல்ல புடவையைக் கட்டி, அதையே இழுத்துச் செருகியிருந்தார். கூட்டிப்போவாரோ மாட்டாரோ, புடவையை மட்டும் கட்டிக்கொண்டுவிட்டார்.

முதல் பந்து உருண்டு ஓடைக்கரைப் புல்லில் நின்றது. அடுத்த பந்தில் கம்பு படவேயில்லை. அதற்கடுத்து மண் பறந்தது. மூட்டைக்காரர்களில் ஒருவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.  முணுமுணுப்பு இப்போது எல்லோருக்கும் கேட்டது. தலை, முழங்கை, முழங்கால்.

“போதும், விடு. அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்றார் ஆபீசர். வெடுக்கென்று சொல்லவில்லை. தணிவாகத்தான் சொன்னார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்றார் அந்த அம்மா.

பந்தை வைத்தார். நின்றார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கம்பு மேலே போகத் தொடங்கியது. அப்போது, இடுப்புக் குடத்தோடு ஓடைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த என் அத்தை, ஊர்க் கிணற்றடியில் கேட்கிறவள் மாதிரி கேட்டாள்:

“ஏனுங்க அம்மணி, பாப்பாவுக்கு இப்ப முடி எம்புட்டு நீளமுங்க இருக்கும்? சடை போட எட்டுமுங்களா?”

பங்களா அம்மா தலையைத் திருப்பினார். ஆடக்கூடாத தலை. “தெரியலையே… விட்டுட்டு வர்றப்ப தோள் வரைக்கும்தான்…” என்று அத்தையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே போன கம்பு தன் பாட்டுக்குக் கீழே வந்தது. டக். எனக்குத் தெரிந்த அதே சத்தம். பந்து காட்டின் மேலே எழும்பி, ஓடையைத் தாண்டி, பலா மரத்தின் அடியில் போய் விழுந்தது. அந்த அம்மா அதைப் பார்க்கவேயில்லை. நாங்கள் பார்த்த திசையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஆபீசருக்கு முகம் சிவந்துவிட்டது. அடிக்கிற நேரத்தில் வாயைத் திறக்கலாமா, எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று அத்தையைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார். அத்தை குடத்தோடு நின்று கேட்டுக்கொண்டாள். கடைசியில், “தப்புத்தானுங்க சாமி, நாக்கு நீளமுங்க எனக்கு” என்றாள். ஆபீசர் ஓடையைப் பார்த்தார், சம்சாரத்தைப் பார்த்தார், கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டார். “கிளம்பு” என்றார்.

அவர்கள் கண் மறைந்ததும் அத்தையிடம் கேட்டேன், பேசக்கூடாது என்று தெரிந்தும் ஏன் பேசினாய் என்று. “கேக்கோணும்னு இருந்துச்சு, கேட்டேன். போயி வாசலைக் கூட்டக் கூட்டுமாத்தை எடு” என்றாள். 

அவர்கள் திரும்பி வர நாளாயிற்று. அதுவரை ஊரில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் மலையில் பழகின பந்து, ஏற்காட்டில் எத்தனை ஓடை இருக்கிறதோ அத்தனையையும் தாண்டியிருக்கும், மற்ற ஆபீசர் சம்சாரங்களெல்லாம் வாய் பிளந்து நின்றிருப்பார்கள் என்று. பங்களா அம்மா மலையேறி வந்து சேர்ந்த அன்று முதல் ஆளாகப் போய் நின்றேன்.

“எத்தனை பந்துங்க போச்சு?”

“ஒண்ணுகூடப் படல கண்ணு. அங்க இருந்த நல்ல புல்தரையும் நான் கொத்தினதுல பாழாப் போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க” என்று சொல்லி அந்த அம்மாவே சிரித்தார். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். இங்கே யாருமில்லாத காட்டில் ஒரு பந்து தப்பினதற்கு உட்கார்ந்து அழுதவர், அங்கே அத்தனை பேருக்கு முன்னால் அத்தனையும் தப்பவிட்டு வந்து இப்படிச் சிரிக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தக் கம்பை அவர் அப்புறம் தொடவுமில்லை. அவ்வளவு பாடுபட்டுக் கற்றதை இப்படியா விடுவார்கள்?

அத்தையாவது இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்பாள் என்று பார்த்தேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

“முடி?” என்றாள்.

பங்களா அம்மா சிரிப்பை நிறுத்தினார். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகின் நடுவில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அத்தை தலையை ஆட்டினாள். 

அத்தனை தூரம் போய் வந்தவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் முடியைப் போய்க் கேட்கிறாளே, என் அத்தைக்கு விளையாட்டைப் பற்றி ஒரு விவரமும் பத்தாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.