சும்மா இருக்கிறவர்களின் கணக்கு

விக்டோரியாவுக்கு எண் என்றால் சின்ன வயதிலிருந்தே கொள்ளை ஆசை. கும்மிடிப்பூண்டியில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டு வாசலில் நின்று, ஆந்திரா பக்கம் போகிற சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணுவாள். தம்பி ஸ்டீவன் ஒன்று கூட்டிச் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குச் சாப்பாடு வரைக்கும் சண்டை நடக்கும். அப்பா தானியேல் வயல் கூலியை விட்டுவிட்டு இரும்பு ஆலையில் லோடு ஏற்றப் போன புதிது. "இவளுக்கு எண்ணிக்கினே இருந்தா சோறு வேணாம்" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஆசையே அவளுக்குச் சோறு போட்டது. பொன்னேரியில் பொருளாதாரம் படித்தாள், சென்னையில் மேலே படித்தாள், தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்தாள். முதல் வேலை வயல்வெளியில். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்த நெல்லை அறுத்து எடை போட்டு, மாவட்டத்தின் விளைச்சலை மதிப்பிட வேண்டும். தானியேல் ஒருநாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "நாங்கோ அறுத்த நெல்ல எவனும் இப்படி மரியாதயா எட போட்டதில்ல" என்றார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

இருபத்து மூன்று வருடம் படிப்படியாக ஏறி, நாற்பத்தெட்டாவது வயதில், உழைப்புக் கணக்கீட்டு முகமைக்கே தலைவியானாள். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு அரசுக்குச் சொல்கிற அலுவலகம் அது. தலைவி என்றாலும் பதவிப் பெயருக்குப் பின்னால் 'பொறுப்பு' என்றொரு வால் ஒட்டியிருந்தது. நிரந்தர ஆணை மாதக் கடைசியில் வரும் என்றார் செயலாளர். அதற்குள் அவள் பொறுப்பில் நடந்த முதல் கணக்கெடுப்பின் அறிக்கை வெளியாக வேண்டும். கேள்வித்தாளையும் அவளே உட்கார்ந்து எழுதியிருந்தாள்.

அறிக்கையின் அச்சுப்படியை இணை இயக்குநர் கிருஷ்ணஸ்வாமி கொண்டுவந்து வைத்தார். திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்து கணினியின் முன்னால் உட்கார்ந்துவிட்ட மனிதர். "எல்லாம் சரி பார்த்தாச்சு மேடம். ஒரு கையெழுத்துதான் பாக்கி" என்றார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலை செய்கிற பெண்கள் நூற்றுக்குப் பதினொருவர் என்று அதில் இருந்தது. சொந்த ஊரின் எண் இவ்வளவு இளைத்துப் போயிருக்கிறதே என்று விக்டோரியாவுக்கு நெருடியது. ஆனால் கணக்குப்படி எல்லாம் சரிதான். இந்த எண்ணை வைத்துத்தான் எந்தெந்த ஊரில், வேலை செய்கிற தாய்மார்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளக் காப்பகம் திறப்பது என்று அரசு முடிவு செய்யும். திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு, ஞாயிறன்று மீஞ்சூர் வழியாகப் போகும் மின்சார ரயிலைப் பிடித்துக் கும்மிடிப்பூண்டியில் தம்பி வீட்டுக்குப் போனாள்.

வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. தம்பி மனைவி மோனிகா நடுக்கூடத்தில் ஒரு கோணிப்பைக்கும் இன்னொரு கோணிப்பைக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். கையில் சின்னக் கத்தரிக்கோல். கம்பெனியிலிருந்து லோடு ஆட்டோவில் வரும் ரப்பர் வளையங்களின் ஓரப் பிசிறை வெட்டி, மறுபடி கட்டி அனுப்ப வேண்டும். நாலு வயது மகள் ஜெபா வெட்டிய பிசிறையெல்லாம் தலையில் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"நாஷ்டா துன்னியா மோனிகா?" என்று கேட்டாள் விக்டோரியா. ஊர் எல்லைக்குள் வந்துவிட்டால் அவள் நாக்கு தானாகவே அலுவலகத்தைக் கழற்றி வைத்துவிடும்.

"எங்க அண்ணி, காலைல அஞ்சு மணிக்கு குந்தினது. இத்த முடிச்சாத்தான் ஆட்டோக்காரன் விடுவான்." விரல் நிற்கவில்லை. "உங்க ஆபீஸ்ல இருந்துகூட போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு. நீங்க இன்னா வேல செய்றீங்கன்னு கேட்டுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"சும்மாதான்கீறேன்னு சொன்னேன்."

விக்டோரியா கோணிப்பையைப் பார்த்தாள். கத்தரிக்கோல் தழும்பேறிய அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"இது இன்னா மோனிகா?"

"இதுவா? இது ஊட்ல செய்றது அண்ணி. வேலன்னா கம்பெனிக்குப் போறதாச்சே!" மோனிகாவுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "ஏ ஜெனிபர், நீ இன்னா செய்ற?" என்றாள். மடியில் ரப்பரோடு வாசலுக்கு வந்த ஜெனிபர், "சும்மாதான்கீறேன், ஏன்?" என்றாள்.

விக்டோரியாவுக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. இந்த ஊரில் 'வேலை' என்றால் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுவது. இங்கேயே பிறந்தவள், பெரிய படிப்புப் படித்தவள், 'நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பியிருக்கிறாள்! வெளியூர்க்காரர் யாராவது எழுதியிருந்தால்கூட மன்னிக்கலாம்.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போடவில்லை. தொழிற்பேட்டை ஊர்களுக்கு மட்டும் மறுபடி போக மூன்று வாரம் வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டாள். "கொடுக்கலாம். ஆனா நிரந்தரம் ஆகறவங்களோட இந்த மாசப் பட்டியல்ல உங்க பேர் போகாது. அடுத்த பட்டியல் எப்போன்னு எனக்கே தெரியாது" என்றார் அவர். மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். கூடப் போயிருந்த கிருஷ்ணஸ்வாமி வெளியே வந்ததும், "இப்போ கையெழுத்துப் போட்டுட்டா நாலு நாள்ல ஆணை கைக்கு வந்துடும். அப்புறமா திருத்திக்கலாமே மேடம்" என்று கெஞ்சினார்.

அவளுக்கு அந்த நாற்காலி மேல் ஆசை இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. ஆனால் தப்பென்று தெரிந்த எண்ணுக்குக் கீழே தன் பெயரைப் போட்டுவிட்டு அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது? "இல்ல கிருஷ்ணஸ்வாமி, இது என் கேள்வி. நான்தான் திருத்தணும்" என்றாள்.

புதிய தாளில் 'வேலை' என்ற சொல்லே கிடையாது. கடந்த ஏழு நாளில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன செய்தீர்கள், எத்தனை மணி நேரம், யாருக்காக என்று மட்டும் கேட்டார்கள். பதினொன்று முப்பத்தெட்டாக வந்து நின்றது. செயலாளர் கண்ணாடியை உயர்த்தி, "ஒரே மாசத்துல இத்தனை பேருக்கு வேலை கிடைச்சுதா?" என்றார்.

"இல்ல சார், முன்னாடியே செஞ்சிட்டுத்தான் இருந்தாங்க. நான்தான் தப்பாக் கேட்டேன்." அறிக்கையின் முதல் பக்கத்திலும் அப்படியே எழுதி, 'இயக்குநர் (பொறுப்பு)' என்று கையெழுத்துப் போட்டாள். காப்பகப் பட்டியலில் கும்மிடிப்பூண்டி ஏறியது. அவள் பட்டியல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த வாரம் மோனிகா போன் செய்தாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"அண்ணி, உங்களாண்ட சொல்லவே இல்ல, அந்தப் பொண்ணு திரும்ப வந்துச்சு. என்னாண்ட ரெண்டு மணி நேரம் கேட்டுச்சு. எட்டிப் பாத்தேன், என் பேருக்கு நேரா 'தொழிலாளி'ன்னு போட்டுக்கீது!"

"சரியாத்தானே போட்டுக்கீது."

"இருங்க, உங்க தம்பி கதய கேளுங்க. காண்ட்ராக்ட் முடிஞ்சு மூணு மாசமா ஊட்லதானே கீறாரு? மொத தடவ கம்பெனி வேலன்னு கெத்தா சொன்னாரு. இப்ப அந்தப் பொண்ணு ஒவ்வொரு நாளா கேட்டுச்சா, வசமா மாட்டிக்கினாரு. அவரு பேருக்கு நேரா 'வேலையில்லை'!"

பின்னாலிருந்து ஸ்டீவனின் குரல் பரிதாபமாகக் கேட்டது: "அக்கா, பேஜாரா கீதுக்கா. நம்ம ஆபீஸ்தானே, அத்த மட்டும் கொஞ்சம் மாத்தக் கூடாதா?"

"முடியாதுடா" என்றாள் விக்டோரியா. "கையெழுத்துப் போட்டுட்டேன்."