தண்ணீர் அசையாமலிருக்க நான் சொன்ன பொய்

ஒரு குடும்பத்தின் பிழைப்பை நான் கெடுத்தேன். ஒரு புகைப்படத்துக்காகக் கெடுத்தேன். அதுவும் எதைப் படம் எடுப்பதற்காக? மரத்தைக்கூட அல்ல... தண்ணீரில் தெரிந்த மரத்தின் பிம்பத்தை!

உங்களில் சிலர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம். கன்டோன்மென்டில் நடந்த கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய படம். "என்ன அமைதி! கண்ணாடி மாதிரி தண்ணீர்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கியவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அந்தத் தண்ணீர் ஏன் அவ்வளவு அமைதியாக இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ஜோகுபாளையத்தில் குடியிருந்தேன். கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை மலிவாகத் தள்ளிவிட்டுப் போன கேமரா எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது. அது கழுத்தில் தொங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் டைப்பிஸ்ட் இல்லை, கலைஞன்! அப்படித்தான் என்னை நானே நினைத்துக்கொண்டேன்.

அல்சூர் ஏரி எங்கள் பக்கத்தில் ஓரிடத்தில் உள்வாங்கி, சின்னக் குட்டைபோல ஒதுங்கியிருக்கும். அதன் எதிர்க்கரையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். மாசி மாதத்துக் காலையில், வெயில் ஏறுவதற்கு முன், அந்த மரம் முழுவதும் தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடக்கும். கரை தெரியாமல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும்... மரத்தையே காட்டாமல் மரத்தைக் காட்ட வேண்டும். அந்த ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது.

ஆனால் நான் நிற்கிற கரையில்தான் ஏழுமலையும் அவன் மனைவி முனியம்மாளும் துணி துவைப்பார்கள். எங்கள் தெரு முழுவதற்கும் அவர்கள்தான் சலவை. என் சட்டைக்கும் சேர்த்துத்தான். கல்லில் ஓர் அடி விழுந்தால் போதும், என் மரம் துண்டு துண்டாகிவிடும்.

கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். முதலில் சிரித்துக்கொண்டே நிறுத்தினார்கள். ஒரு நாள் மேகம் கெடுத்தது, மறுநாள் காற்று கெடுத்தது. அதற்கடுத்த நாள் ஏழுமலை கையிலிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை.

"தெனம் தெனம் நிக்க முடியாது சார். வீட்டுக்கு வீடு துணி குடுக்கணும். உங்களுக்கு இது படம். எங்களுக்கு சோறு."

மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் அந்த வழியே போன பால்காரர்கள் இருவர் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தோபி எனக்குப் பதில் சொல்வதா! ஆமாம், இந்த வார்த்தைகளில்தான் நினைத்தேன். மெருகேற்றிச் சொல்ல மாட்டேன்.

அப்போது அடுத்த தெருவில் ஒரு வீட்டில் அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரை அந்த வீட்டுத் துணி சலவைக்குப் போகக்கூடாது. உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். எனக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான்...

அன்று மாலை மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மாளிடம் போனேன்.

"முனியம்மா அம்மை வீட்டுத் துணியையும் நம்ம துணியையும் ஒண்ணா ஊற வெச்சிருந்தா. நானே கண்ணால பார்த்தேன். என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க."

"அய்யோ, நிஜமாவா! கொழந்தைங்க இருக்கற வீடாச்சே..." என்று அவள் வாயில் கை வைத்தாள்.

என் பெயரை அவள் கடைசி வரை சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் விடிவதற்குள் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

ஒரு வாரம் துணி போகாமலிருந்தால் போதும் என்றுதான் கணக்குப் போட்டேன். அதற்குள் படம் கிடைத்துவிடும், பிறகு எல்லாரும் மறந்துவிடுவார்கள்... அம்மைப் பயத்தை ஜனங்கள் ஒரு வாரத்தில் மறப்பார்கள் என்று நான் உண்மையிலேயே நம்பினேனா? இல்லை. நம்பினால் வசதியாக இருந்தது, அதனால் நம்பினேன்.

என் மனைவி கமலாவும் துணி போடுவதை நிறுத்தினாள். "நல்ல வேளை, யாரோ பார்த்துச் சொன்னாங்களே" என்றாள். நான் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

துவைக்கும் கல் காய்ந்தது. தண்ணீர் அடங்கியது. ஒரு காலையில் மேகமும் இல்லை, காற்றும் இல்லை. மரம் இலை இலையாக உள்ளே தெரிந்தது. எடுத்தேன். சீட்டி அடித்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

அன்று சாயங்காலம் முனியம்மாள் வந்தாள். படி ஏறவில்லை, தெருவிலேயே நின்றாள்.

"சார், மாரியாத்தா மேல சத்தியமா நாங்க அம்மை வீட்டுத் துணியத் தொடல. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க தெனம் காலையில ஏரிக்கு வர்றவரு. நாங்க யார் வீட்டுத் துணி துவைக்கறோம்னு பார்த்துட்டுதான இருந்தீங்க? இன்னிக்குக்கூட நான் அங்க அந்த மரத்தாண்டதான் நின்னுட்டிருந்தேன், உங்களக் கூப்பிடலாமான்னு. படம் எடுக்கறப்ப தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சும்மா இருந்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நீங்க சொன்னா தெரு கேக்கும்."

கமலா கதவருகே நின்று என்னையே பார்த்தாள்.

ஒரு வார்த்தை! என் பொய்யை ஒப்புக்கொள்ளக்கூட வேண்டாம். "அப்படி எதுவும் நான் பார்க்கவில்லை" என்றால் போதும், அவர்கள் பிழைத்திருப்பார்கள். ஆனால் மாடி ஜன்னலில் வீட்டுக்கார அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். நான் அப்படிச் சொன்னால், நான் பொய்யன் என்று அவள் ஒருத்திக்குத் தெரிந்துவிடும். அந்த ஒருத்திக்குப் பயந்தேன். தெரு முழுவதும் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்தது எனக்கு அத்தனை பெரிதாகத் தெரியவில்லை.

"நான் தண்ணியத்தான் பார்த்துட்டிருந்தேன் முனியம்மா. துணியப் பார்க்கல" என்றேன்.

"சரிங்க சார்" என்றாள். திரும்பி நடந்தாள்.

பிலிமைக் கழுவி, படத்தைப் பெரிதாக்கியபோதுதான் கண்டேன். மரத்தடியின் இருட்டுக்குள், இடது மூலையில், தலைகீழாக ஒரு பெண். கையில் மூட்டை இல்லை. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. கரையைத்தான் நான் படத்துக்கு வெளியே தள்ளியிருந்தேன். தண்ணீர் அவளைத் தள்ளவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளேடால் படத்தின் அந்த ஓரத்தையே வெட்டினேன். வெட்டிய பிறகு படம் முன்னைவிட அழகாக இருந்தது... இதைச் சொல்லத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகக் கூசுகிறது.

பரிசு வந்த சமயம் அவர்கள் குடிசை காலியாகிவிட்டது. ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் அவர்களைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். நான் போகவில்லை. 'தேடிப் போனேன், கிடைக்கவில்லை' என்று எழுதலாமா என இப்போதுகூட ஒரு கணம் யோசித்தேன். பாருங்கள் என் புத்தியை!

அந்தப் படம் இன்றும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் பாராட்டுகிறார்கள். நான் பல்லைக் காட்டுகிறேன். கமலா மட்டும் இத்தனை வருஷங்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நானும் கேட்டதில்லை.

நெகடிவை நான் கொளுத்தவில்லை. அதை என் மனசாட்சியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். நல்ல நெகடிவ், கொளுத்த மனம் வரவில்லை, அவ்வளவுதான். வெட்டுப்படாத அதை எப்போதாவது எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன். தலைகீழாகத் திருப்பினால் அவள் நேராக நிற்கிறாள். வாயைத் திறக்காமல், நான் படம் எடுத்து முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள்.