பகலில் அது வெறும் கம்பி

என் கணவருக்குத் தார் ரோடு என்றாலே இளக்காரம். "அதுல போறதுக்கு பஸ் இருக்கு" என்பார். திருவண்ணாமலை தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். வாரம் முழுக்க ஒரே இடத்தில் நின்று தாள் தள்ளிய மனிதர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜல்லியும் செம்மண்ணும் தேடி அலைவார். அதற்கென்றே அகல டயர் போட்ட கிராவல் சைக்கிள் ஒன்றை வாங்கினார். என் வாயை அடைக்க எனக்கும் ஒன்று வாங்கினார்.

நாற்பது தாண்டிய ஜோடி ஹெல்மெட்டும் கையுறையுமாகக் கிளம்பினால் ஊர் சும்மா இருக்குமா? கிரிவலப் பாதையில் டீ ஆற்றுகிற அம்மா ஒருநாள் கேட்டேவிட்டார். "இன்னாம்மா வேண்டுதல்? புள்ள வரமா?" மகள் காலேஜில் படிக்கிறாள் என்றேன். "அப்புறம் எதுக்கும்மா இந்தக் கஷ்டம்?" என்றார். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பாதை கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு வெறி இருந்தது. ஏரிக்கரை, வாய்க்கால் மேடு, குவாரி லாரி ஓடித் தேய்ந்த தடம், வனத்துறை ஜீப் போகிற மண் ரோடு என்று ஒன்றோடு ஒன்றைக் கோத்துக்கொண்டே இருப்பார். தனியாகப் போய்க் காலெல்லாம் முள் கிழித்துக்கொண்டு வருவார். வந்ததும் போனில் அந்தக் கோட்டைக் காட்டி, "எப்டி?" என்பார். குழம்பைக் கிளறிக்கொண்டே, "நல்லா வளைஞ்சு கிடக்கு" என்பேன்.

அவர் கோத்ததிலேயே நல்ல பாதை அடி அண்ணாமலையில் தொடங்கும். கிரிவலப் பாதையை விட்டு இறங்கி, ஏரிக்கரை தாண்டி, மேற்கே காப்புக்காட்டின் ஓரமாகக் குன்றுகளுக்கு நடுவே ஏறி இறங்கும். மழை பெய்த மறுநாள் போனால் டயருக்கடியில் சரளை நறநறக்கிற சத்தம் தவிர வேறு சத்தமே இருக்காது. நான் முணுமுணுக்காமல் ஓட்டிய ஒரே பாதை அதுதான்.

ஆனால் அது ஓரிடத்தில் அறுந்திருந்தது. காட்டோரத் தடம் ஒரு மல்லாட்டைக் கொல்லையில் முட்டி நின்றுவிடும். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், மேட்டு நிலத்தைக் கொல்லை என்போம். கொல்லைக்கு அந்தப் பக்கம் அடுத்த தடம். நடுவில் ஒரு வரப்பு, அவ்வளவுதான். அதில் போக விடவில்லையென்றால் பாதையே இல்லை. கணவர் போய்க் கேட்டார். கொல்லைக்காரர் நல்ல மனிதர்.

"தாராளமா போங்க சார். வெளிச்சம் வந்தப்புறம் வாங்க, அதுக்கு முன்னாடி மட்டும் வேணாம். பன்னிக்குக் கம்பி கட்டியிருக்கேன்."

கொல்லையைச் சுற்றி முழங்கால் உயரத்தில் மெல்லிய கட்டுக்கம்பி. ராத்திரி மோட்டார் ஷெட்டில் கொக்கியை மாட்டினால் அதில் கரண்ட் ஓடும். விடிந்ததும் கொக்கியைக் கழற்றிவிடுவார். பகலில் அது வெறும் கம்பி. நாங்கள் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தாண்ட வைப்போம். முதல் தடவை நான் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டேன். அப்புறம் வீட்டுக் கொடிக்கம்பியைத் தொடுவதுபோல் ஆகிவிட்டது.

"இது தப்புங்க. கரண்ட் ஆபீஸ்ல சொல்லிடலாம். நாளைக்கு ஆடு மேய்க்கப் போற யாராவது செத்துடுவாங்க" என்றேன்.

"சொன்னா அந்தாளத் தூக்கி உள்ள வெச்சிடுவாங்க. அந்தக் குடும்பம் இன்னா ஆவும்? நாம வெளிச்சம் வந்துதானே போறோம்?"

ஒரு ஞாயிறு அந்தக் கொல்லைக்காரரின் மனைவி எங்களைப் பக்கத்துக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அங்கே கம்பி கிடையாது. ஏர் பூட்டி உழுததுபோல் கிடந்தது. பன்றிக்கூட்டம் ஒரு செடி விடாமல் கிளறித் தின்றிருந்தது. "எங்களுக்கும் பயமாத்தான் இருக்கும்மா. பன்னி ஜாஸ்தி ஆயிடுச்சு, இன்னா பண்றது?" என்றார். அவித்த மல்லாட்டையை என் பையில் கொட்டினார். நம்பர் கொடுங்கள், பிடுங்கும்போது கூப்பிடுகிறேன் என்றார். கொடுத்தேன். அதன்பின் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி லேபில் எனக்கு டியூட்டி. அவர் தனியாகப் போனார்.

முந்தின ராத்திரி பலத்த காற்று. கொல்லைக்காரர் வழக்கம்போல் கொக்கியை மாட்டிய பிறகு அந்தப் பக்கமெல்லாம் கரண்ட் போய்விட்டது. விடிந்தும் வரவில்லை. உறவில் ஒரு சாவு என்று அவர் கீழ்பென்னாத்தூருக்கு முதல் பஸ் பிடிக்க ஓடியிருக்கிறார். கரண்டே இல்லாத கம்பிக்குக் கொக்கியை யார் கழற்றுவார்கள்? வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். வெயில் ஏறியபின் கரண்ட் வந்தது.

என் கணவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர். நல்ல வெளிச்சத்தில்தான் போயிருக்கிறார்.

என் போன் அடித்தது. கொல்லைக்காரரின் மனைவி. மல்லாட்டை பிடுங்கியாச்சு என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "சொல்லுங்கம்மா" என்றேன், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"சார் கம்பியப் புடிச்சிட்டாரும்மா" என்றார்.

போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேட்டார்கள். "கம்பி இருக்கறது உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" தெரியாது என்று சொல்லச் சொல்லி என் அண்ணன் வீட்டிலிருந்தே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அப்போதுதான் கேஸ் இறுகும் என்றான். வாசலில் கொல்லைக்காரரின் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தெரியும். எனக்கும் தெரியும்" என்றேன்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அந்தப் பெண்மேல் இரக்கப்பட்டு நான் சொல்லவில்லை. அன்று எனக்கு யார்மேலும் இரக்கம் இல்லை. ஒவ்வொரு தடத்தையும் தானே போய்ப் பார்த்துக் கோத்த மனிதரை, வழி தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவர் என்று எழுதிக்கொடுக்க மனசு வரவில்லை.

கொல்லைக்காரர் ஜெயிலுக்குப் போய் ஜாமீனில் வந்தார். இப்போது குடும்பத்தோடு பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறார் என்கிறார்கள். கொல்லை கரம்பாகக் கிடக்கிறது.

நான் சைக்கிளை விடவில்லை. "புருஷனத் தின்ன சைக்கிள எடுத்துகினு போறா பாரு" என்று என் தெருவிலேயே, என் காதில் விழும்படியே சொன்னார்கள். சொல்லட்டும். அவர் போனில் பாதி கோத்து விட்டுப்போன பாதை ஒன்று இருந்தது. காட்டோரமாகவே தெற்கே போய் ஓரிடத்தில் அறுந்து நின்றது. அதை முடித்தாக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். இந்த மாசிக் கடைசியில் அங்கே போனேன்.

மறுபடியும் ஒரு மல்லாட்டைக் கொல்லை. களை எடுத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தார். இப்படிப் போகலாமா என்று கேட்டேன்.

"தாராளமா போங்கம்மா. வெளிச்சம் வந்தப்புறம் வாங்க, அவ்ளோதான்."

குனிந்து பார்த்தேன். செடிகளுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில், மெல்லியதாக.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தேன். கரண்ட் ஆபீஸ் நம்பரை என் கணவர் செத்த வாரத்திலிருந்தே அதில் போட்டு வைத்திருக்கிறேன். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"அம்மா, வேணாம்மா. ரெண்டு பொண்ணுங்கம்மா. பன்னி ஒரு செடி விடாதும்மா."

அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எனக்கு அது தெரியும். அந்தப் பக்கம் போனை எடுத்தவர் எந்த ஊர், யாருடைய கொல்லை என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். இவர் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க பேரு சொல்லுங்க" என்று அவரிடமே கேட்டேன்.

சொன்னார். நான் அதைத் திருப்பிப் போனில் சொன்னேன்.